மாற்றம் இல்லாதபோது என்ன விடை?
கணிப்பொறிக் கட்டளைகளின் முடிவு எண்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் கிழக்கு எல்லையில், ஏலமலைகளின் மீது அமைந்துள்ளது உடும்பஞ்சோலைத் தாலுகா. அதன் கிழக்குச் சரிவில் இறங்கினால் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரையும் கம்பத்தையும் அடையலாம். தென்மேற்குப் பருவத்தில் விடாது மழை கொட்டும் இம்மலைகளில், ஜனவரி பிறந்தபின் பல நாட்கள் தொடர்ந்து ஒரு துளியும் விழுவதில்லை. எனினும் மழைமானியைக் கவனிக்கும் ஊழியர் காலை 8.30 மணிக்குத் தவறாமல் அதனிடம் செல்ல வேண்டும். புனலை எடுத்து, உள்ளேயுள்ள கலத்தைப் பார்த்து, அது உலர்ந்திருப்பின் பதிவேட்டில் 0.0 என்று எழுத வேண்டும்.

புதிதாகப் பணியில் சேர்ந்தோர் சிலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றக்கூடும். மழை பெய்யாத நாளில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவர். வெறுமையான கட்டமோ பின்னர் அதைப் பார்ப்பவருக்கு இரண்டு பொருள் தரும். மழை பெய்யவில்லை என்பது ஒன்று. அன்று மழைமானியை எவரும் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய எழுதியவரைத் தவிர வேறு வழி இல்லை. அவரும் சில மாதங்களில் மறந்துவிடுவார்.

வானிலையியலார் இந்த இடரை நன்கு உணர்ந்தவர்கள். உலக வானிலை அமைப்பு வகுத்து, நிலையங்கள் பல்லாண்டுகள் பயன்படுத்தி வந்த 'சினாப்' என்னும் எண்குறி முறையில், மழையளவைக் குறிக்கும் தொகுதியை இரு காரணங்களால் விட்டுவிடலாம். மழை பூஜ்யம் ஆனமையால் விட்டால், அறிக்கையின் முற்பகுதியில் அதற்குரிய இடத்தில் 3 என்னும் எண் வர வேண்டும். அளவு கிடைக்காமையால் விட்டால் 4 என்னும் எண் வர வேண்டும். அளக்க இயலாத சிறு தூறலுக்கு 990 என்று தனிக் குறி உண்டு. தந்தியில் ஒவ்வோர் எண்ணுக்கும் சிக்கனம் பார்த்த முறையிலே, 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் 'ஒன்றும் தெரியாது' என்பதற்கும் தனித்தனி எண் ஒதுக்கியுள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த வேறுபாட்டின் பயன் கோடையிலும் தெரியும், வெள்ளத்திலும் தெரியும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் வறட்சியால் பெரிதும் நலிந்தன. மழையற்ற நாட்கள் தொடர்ந்து எத்தனை என்று கணக்கிடுங்கால், பார்க்கப்படாத நாளை மழையற்ற நாளாகக் கொண்டால் வறட்சி உண்மையினும் நீண்டு தோன்றும். மழையற்ற நாளைப் பார்க்கப்படாத நாளாகத் தள்ளினால் தொடர் அறுந்து, வறட்சி குறுகித் தோன்றும். 2018 ஆகஸ்ட் மாதப் பெருமழையின்போது இம்மாவட்டத்தில் பல இடங்களில் மலைச்சரிவுகள் நேர்ந்தன. அத்தகைய நாட்களில்தான் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போகும். அறிக்கை வந்து சேராது. வராத அறிக்கையைப் பூஜ்யமாக எண்ணும் அட்டவணையில், மிகவும் ஆபத்தான இடமே மழை பெய்யாத இடமாகக் காட்சியளிக்கும்.

இப்போது இவ்வட்டவணைகளைத் தொகுப்பது பெரும்பாலும் கணிப்பொறியே. கேரளத்தில் புவியியல் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் சிறு வானிலை நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பள்ளிக் கணிப்பொறிகளில் இயங்கும் 'கைட் ஜிஎன்யு லினக்ஸ்' என்னும் இயக்க முறைமை, யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைக் கருவிகள் அனைத்தையும் உடையது. ஆகவே உடும்பஞ்சோலைத் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மழைப் பதிவைக் கணிப்பொறியில் சேர்த்து, இரவுதோறும் அது தானே படியெடுக்கப்படும்படி செய்ய விரும்பினால், அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மழைமானி ஊழியர் எதிர்கொண்ட அதே வினாவை அவரும் எதிர்கொள்வார்: மாற்றம் ஒன்றும் நிகழாத நாளில், கருவி என்ன விடை கூற வேண்டும்?

முடிவு எண் என்பது யாது?

கட்டளைத் திரையில் ஒரு கட்டளையை இட்டால், அது தன் வேலையை முடித்துச் செல்லும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. இது திரையில் தோன்றுவதில்லை. கட்டளைகளை வாங்கி இயக்கும் 'ஷெல்' என்னும் நிரல் மட்டும் அதைப் பெற்று வைத்துக்கொள்கிறது. இதனைத் தமிழில் முடிவு எண் என்று கூறலாம். அதைப் பார்க்க விரும்புவோர், கட்டளை முடிந்தவுடன் 'எக்கோ' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, டாலர் குறியையும் வினாக்குறியையும் சேர்த்துத் தட்ட வேண்டும். உடனே பார்க்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு முறை பார்த்தபின் மீண்டும் பார்த்தால் கிடைப்பது 'எக்கோ' கட்டளையின் சொந்த முடிவு எண்ணே. அது பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். மாணவர்கள் இவ்விடத்தில் குழம்புவது வழக்கம்.

பூஜ்யம் என்பது வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் வெற்றி அல்லாத நிலைகளைக் குறிக்கும். தேர்வில் பூஜ்யம் வாங்கியவனை வெற்றி பெற்றவன் என்று சொல்லிப் பழகாதவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றினும், காரணம் எளியது. வேலை செவ்வனே முடிந்தது என்பதற்கு ஒரே வகைதான் உண்டு. முடியாமற்போனதற்குக் காரணங்கள் பல. எனவே ஒற்றை எண்ணை வெற்றிக்குக் கொடுத்து, மிகுந்துள்ளவற்றைக் காரணங்களுக்குப் பகிர்ந்தனர். உதாரணமாக, அப்பெயரில் கட்டளையே இல்லை எனின் ஷெல் 127 என்று தரும். கட்டளை இருந்தும் இயக்க அனுமதி இல்லை எனின் 126 என்று தரும்.

முடிவு எண்ணுக்கு 8 பிட்டுகளே இடம். ஆகவே அது 0 முதல் 255 வரையில்தான் அமையும். 256 என்று ஒரு கருவி விடுத்தால் பெறுபவர் கையில் அது பூஜ்யமாகச் சேரும். மாறிய பதிவுகளின் எண்ணிக்கையையே முடிவு எண்ணாக விடுக்கலாமே என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். 255 மாற்றம் வரை தொல்லை இராது. 256-ஆவது மாற்றத்தன்று 'ஒன்றும் மாறவில்லை' என்று விடை வரும்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலை

வேலை செய்யச் சொல்லும் கட்டளையை முதலில் எடுத்துக்கொள்வோம். கோப்புகளைப் படியெடுக்கும் 'ஆர்சிங்க்' என்னும் கருவி, மூலத்திலும் படியிலும் எல்லாம் ஒத்திருக்கக் கண்டால், ஒரு கோப்பையும் நகர்த்தாமல் பூஜ்யத்துடன் முடிகிறது. 1976-இல் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய 'மேக்' என்னும் கருவியும் அவ்வாறே, ஆக்க வேண்டியது எதுவும் இல்லை என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டுப் பூஜ்யம் தருகிறது. ஏற்கெனவே உள்ள மென்பொருளின் புதுப்பதிப்பையே நிறுவச் சொன்னால் 'ஆப்ட்' கருவியும் அவ்விதமே நடந்துகொள்கிறது.

இது சரியான நடத்தையே. படியெடுக்கச் சொன்னவருக்கு வேண்டியது இரண்டு இடங்களும் ஒத்திருக்க வேண்டும் என்பதே. கணிப்பொறி உழைக்க வேண்டும் என்பதன்று. விரும்பிய நிலை முன்பே அமைந்திருப்பின் அவர் விருப்பம் நிறைவேறிவிட்டது. அன்றியும், ஒரே கட்டளையை இருமுறை இட்டாலும் ஒரு முறை இட்டதற்கொத்த விளைவே கிட்டும் என்ற உறுதி இதனால் ஏற்படுகிறது. இடுக்கியின் மலைக்கிராமங்களில் மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். பாதியில் நின்ற வேலையை, எதுவரை முடிந்தது என்று ஆராயாமல், முதலிலிருந்து அச்சமின்றி மீண்டும் இயக்க இந்த உறுதியே துணை செய்கிறது.

எல்லாக் கருவிகளும் இப்படி இருப்பதில்லை. கோப்புறையை ஆக்கும் 'எம்கேடிர்' கட்டளையை ஒரே பெயருக்கு இருமுறை இட்டால், இரண்டாம் முறை பிழை கூறி 1 என்னும் எண்ணைத் தரும். அதற்குரிய 'பி' என்னும் தெரிவைச் சேர்த்து இட்டால் கோப்புறை முன்பே இருப்பதைப் பொருட்படுத்தாமல் பூஜ்யம் தரும். இல்லாத கோப்பை நீக்கச் சொன்னால் 'ஆர்எம்' கட்டளை 1 தரும்; 'எஃப்' தெரிவுடன் இட்டால் பூஜ்யம் தரும். இவற்றை முரண்பாடு என்று தள்ளிவிடலாகாது. தெரிவில்லாத கட்டளை 'புதிதாக ஒன்றை ஆக்கு' என்கிறது. தெரிவுள்ளது 'இருக்கும்படி செய்' என்கிறது. முன்னதற்கு, ஏற்கெனவே இருப்பது ஒரு தடை. பின்னதற்கு அதுவே விடை. கட்டளை இடுபவர் தமக்கு வேண்டியது எது என்று தெளிந்து கொண்டால் போதும்.

வினாக் கட்டளைகள்

வேலை செய்யாமல் வினாவுக்கு விடை மட்டும் தரும் கருவிகள் வேறு இனம். ஒரு கோப்பில் குறித்த சொல் உள்ளதா என்று தேடும் 'கிரெப்', யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன் இயற்றியது. சொல் இருந்தால் 0, இல்லையானால் 1, கோப்பைப் படிக்க இயலாமை போன்ற பிழை நேர்ந்தால் 2. இரு கோப்புகளை ஒப்பிடும் 'டிஃப்' கருவிக்கும் இதே ஒழுங்கு: ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1, இடர்ப்பாடு நேர்ந்தால் 2. யூனிக்ஸ் வகை முறைமைகளுக்கான 'போசிக்ஸ்' தரவிதியும் இவ்விரு கருவிகளுக்கும் பிழையின் எண் 1-க்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்றே விதிக்கிறது.

இங்கு 1 என்பது தோல்வி அன்று. 'இல்லை' என்னும் விடையே அது. வினாவுக்கு 'ஆம்', 'இல்லை', 'தெரியவில்லை' என மூன்று விடைகள் உண்டு; மூன்றுக்கும் தனி எண். சினாப் முறையின் 3-ஐயும் 4-ஐயும் ஒத்த பாகுபாடு இது. 'மேக்' கருவியையே 'க்யூ' என்னும் தெரிவுடன் இட்டால் அது வேலையாளாக இராது, விடையாளாக மாறிவிடுகிறது: எல்லாம் புதியனவாக உள்ளன எனின் 0, ஆக்க வேண்டியது உண்டு எனின் 1, பிழை எனின் 2.

மென்பொருள் நிறுவும் 'யம்' என்னும் கருவி, புதுப்பதிப்புகள் வந்துள்ளனவா என்று கேட்டால், வந்திருப்பின் 100, வராதிருப்பின் 0, பிழை நேரின் 1 எனத் தருகிறது. எண்கள் வேறு; பாகுபாடு அதே. விண்டோஸ் கணிப்பொறிகளின் 'ரோபோகாப்பி' கருவியோ இம்மரபிலிருந்து விலகுகிறது. படியெடுக்க ஒன்றும் இல்லையானால் 0. கோப்புகளை வெற்றியுடன் படியெடுத்தால் 1. படியில் மூலத்தில் இல்லாத கோப்புகள் மிகுந்திருந்தால் 2. இரண்டும் நேர்ந்தால் கூட்டி 3. உண்மையான தோல்வி 8-இல்தான் தொடங்குகிறது. செய்தி நிறைந்த ஏற்பாடுதான். ஆனால் பூஜ்யம் அல்லாதன யாவும் தோல்வி என்று நம்பும் வேறொரு நிரலின் கையில் இதைக் கொடுத்தால், படியெடுப்பு நன்கு நடந்த நாட்களிலெல்லாம் தோல்வி என்றும், ஒன்றும் நடவாத நாட்களில் வெற்றி என்றும் அறிவிப்பு வரும்.

பொய்யான தோல்வியின் விலை

பள்ளி நிலையம் ஒன்றில் நடக்கக்கூடியதைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஆசிரியர் நாள்தோறும் மழையளவை ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறார். இரவில் ஒரு கட்டளைத் தொகுப்பு இயங்கி, 'கிட்' என்னும் கருவியால் அன்றைய நிலையைப் பதிந்துவைத்து, பின்னர் வேறொரு கணிப்பொறிக்கு அனுப்புகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இக்கருவி, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகக் காத்து வைப்பது. தொகுப்பின் தலைப்பில் 'செட்' கட்டளை 'இ' தெரிவுடன் இடப்பட்டுள்ளது; அதாவது, எக்கட்டளையேனும் பூஜ்யம் அல்லாத எண்ணுடன் முடிந்தால் தொகுப்பு அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கோடை விடுமுறை வருகிறது. கோப்பில் எவரும் வரி சேர்க்கவில்லை. இரவில் 'கிட் கமிட்' கட்டளை, பதிவதற்கு ஒன்றும் இல்லை என்று கூறி 1 என்னும் எண்ணுடன் முடிகிறது. தொகுப்பு நிற்கிறது. 'தோல்வி' என்று ஓர் அறிவிப்பு. மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே. ஒரு வாரத்திற்குள் அறிவிப்பைப் பார்ப்பதையே ஆசிரியர் விட்டுவிடுவார். அவரைக் குறை கூற இயலாது. ஜூன் மாதம் பருவமழை தொடங்கியபின் வட்டில் இடம் நிரம்பிப் பதிவு உண்மையாகவே தவறுகிறது. அன்றும் வருவது அதே அறிவிப்பே. ஆண்டின் மிக முக்கியமான வாரங்கள் பதிவின்றிப் போகும்.

'கிட் கமிட்' கட்டளையின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 'பதிவு செய்' என்று கேட்கப்பட்டது; பதிவு ஒன்றும் உண்டாகவில்லை. கோப்பைச் சேர்க்க மறந்து கட்டளையிட்டவருக்கு அந்த 1 ஓர் எச்சரிக்கையாகப் பயன்படும். ஆயினும் அதில் உள்ள குறை, பதிவுக்குமுன் நடைபெறும் சோதனை மறுத்துவிட்டாலும் அதே 1 வருவதேயாகும். ஒன்றும் மாறாமையையும் மறுப்பையும் எண்ணைக்கொண்டு பிரிக்க இயலாது.

ஆகையால் கட்டளையிடுமுன் வினவுவதே தக்க வழி. 'கிட் டிஃப்' கட்டளையை 'கேஷ்ட்', 'கொயட்' என்னும் இரு தெரிவுகளுடன் இட்டால், பதிவுக்கெனச் சேர்த்தவற்றில் மாற்றம் இல்லை எனின் 0, உண்டு எனின் 1, பிழை எனின் அவற்றினும் பெரிய எண் கிடைக்கும். 0 வந்தால் தொகுப்பு வெற்றியுடன் முடியலாம். 1 வந்தால் பதிவு செய்யலாம். வேறு எது வந்தாலும் அந்த எண்ணுடனேயே நிற்க வேண்டும். 'பூஜ்யம் அல்லாதவை எல்லாம் மாற்றமே' என்று சுருக்கமாக எழுதுவோர் மூன்றாம் விடையை இரண்டாம் விடையில் கலந்துவிடுகின்றனர். அதனினும் தீயது, தொல்லை தரும் கட்டளையின் பின்னே 'அல்லது ட்ரூ' என்று ஒட்டிவிடும் பழக்கம். 'ட்ரூ' என்பது எப்போதும் பூஜ்யம் தரும் கட்டளை. அதை ஒட்டினால் விடுமுறை நாளின் பொய்த் தோல்வியும் ஒழியும், ஜூன் மாதத்து மெய்த் தோல்வியும் ஒழியும்.

இவ்வாறு திருத்தியபின் தொகுப்பு அமைதியாக இருக்கும். ஆனால் புதிய ஐயம் ஒன்று எழலாம். மழைப் பதிவேட்டில் மழையற்ற நாளுக்கும் 0.0 என்று ஒரு வரி உண்டல்லவா? அவ்வாறெனில், கோப்பு மாறாமல் இருப்பதே எவரும் மழைமானியைப் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம் ஆகாதா? ஆகும். எனினும் அதை அறிவிப்பது படியெடுக்கும் தொகுப்பின் கடமை அன்று. அதனிடம் கேட்டது படியெடுப்பு மட்டுமே, அதை அது குறைவின்றி முடித்தது. வரி வந்ததா என்பது வேறு வினா. அதற்கு வேறு கட்டளை வேண்டும்.

அக்கட்டளை மிகச் சிறியது. காலை 10 மணிக்கு, அன்றைய தேதியைக் கோப்பில் தேடும்படி 'கிரெப்' இயக்கப்பட்டால் போதும். 0 வந்தால் பார்வையிடப்பட்டது, மழை 0.0 ஆயினும் 84.0 ஆயினும் அது பற்றி இங்கு வினா இல்லை. 1 வந்தால் வரி இல்லை. பொறுப்பானவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். 2 வந்தால் கோப்பையே படிக்க இயலவில்லை. அவரைக் கேட்டுப் பயனில்லை, கணிப்பொறியைப் பழுதுபார்ப்பவரை நெடுங்கண்டத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக்கினால், பழுதடைந்த வட்டுக்காக மழைமானி ஊழியர் கடிந்துகொள்ளப்படுவார்.

புதிதாகக் கருவி இயற்றுவோர்க்கும் இதிலிருந்து வழி கிடைக்கிறது. ஒரு நிலையை ஏற்படுத்தும் கருவி, அந்நிலை முன்பே இருந்தால் பூஜ்யமே தர வேண்டும். தான் ஏதும் செய்ததா இல்லையா என்பதைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லலாம். அதை வேறு நிரல்கள் அறிய வேண்டுமாயின், கேட்டால் மட்டும் தனி எண் தரும் தெரிவு ஒன்றை அமைப்பது நன்று. 'டெராஃபார்ம்' என்னும் கருவி இவ்வாறே செய்கிறது: சாதாரணமாகத் திட்டம் தீட்டச் சொன்னால் மாற்றம் இருப்பினும் இல்லாவிடினும் 0, விரிவான முடிவு எண் கேட்டால் மாற்றம் இல்லையெனில் 0, பிழையெனில் 1, மாற்றம் உண்டெனில் 2. வினா கேட்கும் கருவியானால் பிழைக்கு எண்ணைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் பிற எண்களைப் பற்றி எண்ண வேண்டும். எந்த எண் எதைக் குறிக்கும் என்பதைக் கையேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். எழுதப்படாத எண்ணை அடுத்த பதிப்பில் எவரும் மாற்றிவிடக்கூடும்.

வகுப்பறைச் சோதனை

இதனை மாணவர்களுக்குக் காட்டக் கால் மணி நேரம் போதும். 'ஜனவரி' என்ற பெயரில் ஒரு கோப்பை ஆக்கி, மழையற்ற 5 நாட்களின் வரிகளை அதில் எழுதச் செய்க. அதன் படியை வேறு பெயரில் எடுத்து, இரண்டையும் 'டிஃப்' கொண்டு ஒப்பிட்டு முடிவு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்க. பின்னர் படியில் ஒரு நாளின் 0.0-ஐ அழித்து வெறுமையாக்கி மீண்டும் ஒப்பிடுக; எண் 1 ஆகும். மூன்றாவதாக, ஒரு கோப்பின் பெயரை வேண்டுமென்றே தவறாகத் தட்டுக. எண் 2 ஆகும். ஒவ்வொரு முறையும் கட்டளை இடுமுன் மாணவர்கள் தாம் எதிர்பார்க்கும் எண்ணை ஏட்டில் எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, இல்லாத கோப்பு ஒன்றின் பெயரையே இருமுறை கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம். ஒன்றுக்கொன்று வேறுபட அங்கே எதுவும் இல்லையாதலால் பூஜ்யம் வரும் என்று மாணவர்களிற் சிலர் எழுதியிருப்பர். வருவது 2.